ஒரு கண் மட்டும் வெள்ளையாக

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். புத்தளத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்டக்குழிப் பயணத்தில் எடுத்த படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். குசினியில் மனைவி வடை பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் மணமும், மழைக்கு முந்திய புழுக்கமும், மேசை விசிறியின் கடகடப்பும் அந்தப் பின்னேரத்தோடு சேர்ந்தே எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

படம் பிரிப்பது பெரிய வேலை இல்லை. கண்ணை மூடியவர்கள், முகத்தைத் திருப்பியவர்கள், தலை வெட்டுப்பட்டவர்கள் எல்லாரையும் அழித்துவிட்டு, மிஞ்சியதைக் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போடுவேன். அதற்கு முன் கொஞ்சம் திருத்துவேன்.

பொழுது சாய்ந்த பிறகு எடுத்த படம் ஒன்று வந்தது. என் தங்கச்சி ரிஸ்னா, அவள் புருஷன் ஃபாஸில், அவன் மடியில் மகள் ஸஃபா. மூவரும் கெமராவை நேராகப் பார்க்கிறார்கள். ஃபிளாஷ் பட்டதில் எல்லார் கண்களும் சிவந்திருந்தன. அதைத் திருத்த ஒரு பொத்தான் உண்டு. அமத்தினேன். ரிஸ்னாவின் கண்கள் கறுத்தன. ஃபாஸிலின் கண்கள் கறுத்தன. ஸஃபாவின் வலது கண் கறுத்தது.

இடது கண் மாறவில்லை. அது முதலிலேயே சிவப்பாக இருக்கவில்லை. வெள்ளையாக இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். ராத்திரி வீதியோரம் நிற்கும் பூனையின் கண்ணில் வாகன வெளிச்சம் பட்டால் எப்படி மின்னுமோ, அப்படி. விசிறிக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வியர்த்தது.

கெமரா என் கைக்கு வந்தது

நான் படப்பிடிப்பாளன் இல்லை. நில அளவை அலுவலகம் ஒன்றில் காணி வரைபடம் கீறுபவன். கத்தாரிலிருந்து திரும்பிய கூட்டாளி ஒருவன், ஆசைக்கு வாங்கி அலுமாரிக்குள் போட்டுவைத்திருந்த கெமராவை என் தலையில் கட்டினான். அன்றிலிருந்து குடும்பத்தில் கலியாணம், கத்னா, பெருநாள் எதுவானாலும் படம் எடுப்பது என் பொறுப்பாகிவிட்டது. எல்லாப் படத்திலும் எல்லாரும் இருப்பார்கள். நான் மட்டும் இருக்கமாட்டேன்.

நான் எழுதிவரும் இந்தத் தொடரை வாசிக்கிற இரண்டொருவர், பயணம் போனால் நல்ல படம் எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பிள்ளைகளை எடுக்கும்போது முழங்காலில் இருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் பெரிதாக விழும். ஆட்களை வெயிலைப் பார்த்து நிறுத்தாதீர்கள், முகம் சுருங்கிவிடும். கடற்கரையில் அடிக்கடி லென்ஸைத் துடையுங்கள். நம் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. ‘சிரியுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் யாரும் தம் சிரிப்பைச் சிரிப்பதில்லை.

நல்ல படத்துக்குத் தூரம் போகவும் தேவையில்லை. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஒரு ஜன்னல் போதும். என் மனைவியை நான் எடுத்ததில் ஆக நல்ல படம், பின்வளவுக் குழாயடியில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது எடுத்தது. அதை யாருக்கும் காட்டக்கூடாது என்பது அவளுடைய உத்தரவு.

அவள் உம்மா, என் மாமி, தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறி வந்தவர். அதற்குச் சில வருடம் முன்பு காய்ச்சலில் மவுத்தான மூத்த பிள்ளையின் ஒரே ஒரு படம் மன்னார் வீட்டுச் சுவரில் இருந்தது. அதைக் கழற்றி எடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. “முகம் மறந்து பெய்த்து மகன். மூக்கு மட்டும் ஞாபகம் இரிக்கு” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகுதான் நான் கண்டபாட்டுக்குப் படம் எடுக்கத் தொடங்கினேன். படம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். படத்துக்குள்ளேயே ஒரு பயம் உட்கார்ந்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கண்டக்குழியில்

பாடசாலை விடுமுறையில் கண்டக்குழியில் தென்னங்கிடுகுக் கூரை போட்ட இரண்டு அறை எடுத்தோம். ரிஸ்னா வாழ்க்கைப்பட்டது கற்பிட்டியில். அங்கிருந்து கண்டக்குழிக்கு முச்சக்கரவண்டியில் போய்விடலாம். “இதுவும் ஒரு பயணமா மச்சான்? எங்கட வீட்டுக் கூரைல ஏறினா இந்த இடம் தெரியும்” என்று ஃபாஸில் என்னைக் கேலி செய்தான். அவன் கருவாட்டு வியாபாரி. எதையும் பகிடியாக எடுக்கிறவன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசிய நாட்கள். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் நின்று தண்ணீர்மேல் ஓடினார்கள். எது தின்றாலும் பல்லுக்குள் மணல் கடித்தது. என் மகன் ஸாஹித் அலையை விட்டு வரவேயில்லை. ஸஃபாவுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. அவள் கரையில் சிப்பி பொறுக்கினாள்.

எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் தலையை இடது பக்கம் திருப்பிக்கொள்வாள். இடது கண் சில நேரம் மூக்குப் பக்கம் ஒதுங்கும். “எங்கட வாப்பாவும் இப்படித்தான் பார்ப்பாரு. அவர்ட பேத்திதானே” என்று ஃபாஸில் சொன்னான். எல்லாரும் சிரித்தோம். வள்ளம் கட்டியிருந்த கயிறு ஒன்றில் கால் தடக்கி விழுந்தாள். எழும்பித் தானும் சிரித்தாள். அதையும் படம் எடுத்தேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மீன் சுட்டோம். கரண்ட் போய்ப் போய் வந்தது. வெளிச்சம் போதாதென்று கெமராவின் ஃபிளாஷை நிமிர்த்தினேன். எனக்குப் பிடிக்காத வேலை அது. முகங்கள் சுண்ணாம்பு பூசியது போல ஆகும், கண் சிவக்கும். ஆனால் ரிஸ்னா கேட்டாள், “குடும்பமா ஒரு படமும் இல்ல நானா, ஒண்டு எடுங்க” என்று.

அதுதான் இப்போது என் முன்னால் இருந்த படம்.

மேசை விசிறியின் முன்னால்

பகலில் எடுத்த படங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றைத் தேடினேன். இன்னும் இரண்டு இருந்தன. இரண்டிலும் இடது கண் வெள்ளை.

கெமராவின் கோளாறாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஸாஹிதைக் கூப்பிட்டு, அறையை இருட்டாக்கி, ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். இரண்டு கண்ணும் நல்ல சிவப்பு. குசினிக்குப் போய் மனைவியை எடுத்தேன். அவளுக்கும் சிவப்பு. “என்ன விளையாட்டு இது?” என்றாள்.

திரும்பி வந்து, ஃபோனில் நான் கண்டதைத் தமிழில் எழுதித் தேடினேன். முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது. மிச்சத்தை வாசிக்காமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். சற்றுப் பொறுத்து எடுத்து வாசித்தேன். சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்குள் வரும் புற்றுநோய். பல இடங்களில் தாயோ தகப்பனோ அதை முதலில் காண்பது ஒரு படத்தில்தானாம்.

மனைவி வடைத் தட்டோடு வந்து என் முகத்தைப் பார்த்து நின்றாள். படத்தைக் காட்டினேன்.

“கெமராட பிழையா இரிக்கும்.”

“உன்னையும் மகனையும் அதுக்குத்தான் எடுத்தேன். உங்களுக்குச் சரியாத்தானே வருது.”

அவள் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “ரிஸ்னாட்ட சொல்லோணும்.”

“என்னெண்டு சொல்ற?”

“எனக்குத் தெரியா. ஃபோன்ல மட்டும் சொல்லாதீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க.”

வடையை யாரும் தின்னவில்லை.

திரைச்சீலை

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பாலாவியில் திரும்பி, கற்பிட்டி வீதியில் ஏறினால் ஒரு பக்கம் கடல்நீர்க் களப்பு, மறுபக்கம் வெங்காயப் பாத்தி, தென்னை. நுரைச்சோலையில் அனல் மின்நிலையப் புகைபோக்கி தென்னைகளுக்கு மேலால் நின்றது. அந்த வீதியில் நான் நிறுத்திப் படம் எடுக்காமல் ஒருநாளும் போனதில்லை. அன்று கெமரா முதுகுப் பையில் கல்லைப் போலக் கிடந்தது. சில வருடங்களுக்கு முன், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கெமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் நடக்கவே எங்கள் ஆட்கள் பயந்த ஒரு காலம் இருந்தது. யாராவது நிறுத்தி, எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் பதில் சொல்ல வாயாவது இருந்தது.

ரிஸ்னா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“வேல இல்லயா நானா?”

“ஸஃபாவ ஒரு படம் எடுக்கோணும்.”

“அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

நான் உள்ளே போய்த் திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். ஸஃபாவைக் கதிரையில் இருத்தி, முன்னால் முழங்காலில் இருந்தேன். “இங்க பாருங்க மகள்.” அவள் பார்த்தாள். அமத்தினேன். கெமராவின் சின்னத் திரையில் வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதுதான்.

ரிஸ்னா விளக்குமாற்றோடு வாசற்படியில் நின்றாள். “படத்துக்கு வெளிச்சம் வேணுமெண்டுதானே எப்பவும் சொல்றீங்க. இப்ப என்னத்துக்கு இருட்டாக்கிறீங்க?”

கெமராவை அவளிடம் கொடுத்தேன். அவள் பார்த்தாள். விளங்கவில்லை. விளக்கினேன். அந்தப் பெரிய சொல்லைச் சொல்லவில்லை. கண் டொக்டரிடம் கெதியாகக் காட்ட வேண்டும், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் ஃபாஸில் கருவாடு காயவைக்கும் முற்றத்திலிருந்து கைகழுவிக்கொண்டு வந்தான். படத்தைக் காட்டினோம். முதலில் சிரித்தான்.

“கெமராட பிழை மச்சான். பழைய சாமான்தானே. கடையில குடுத்துத் திருத்துங்க.”

யாரும் சிரிக்காததைக் கண்டு அவன் முகம் மாறியது.

ரிஸ்னா ஸஃபாவைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். திரைச்சீலையை விலக்கச் சொன்னாள். ஃபோனில் ஸஃபாவுக்குப் பிடித்த முயல் கார்ட்டூன் ஒன்றைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள். பிறகு தன் உள்ளங்கையால் பிள்ளையின் இடது கண்ணை மூடினாள்.

ஸஃபா முயலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை அவள் கவனிக்கவே இல்லை.

ரிஸ்னா கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். ஸஃபா உடனே அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினாள். “உம்மா, எடுங்க.” ரிஸ்னா எடுக்கவில்லை. பிள்ளை தலையை அங்குமிங்கும் ஆட்டினாள், அழத் தொடங்கினாள். “உம்மா, லைட்டப் போடுங்க.”

பகல் வெளிச்சம் அறை நிறைய இருந்தது.

ரிஸ்னா கையை எடுத்துப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஃபாஸில் சுவரைப் பார்த்து நின்றான். பிறகு என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் சொன்னான். “இனி இந்தக் கெமராவ எங்கட வீட்டுக்குக் கொண்டு வராதீங்க மச்சான்.”

சொல்லாத மொழிபெயர்ப்பு

அடுத்த நாளே புத்தளத்தில் கண் டொக்டரிடம் காட்டினோம். இளம் பெண். ஸஃபாவின் கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்க வைத்து, பிறகு சின்ன விளக்கால் நெடுநேரம் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீண்டது. வெளியே யாரோ இருமினார்கள். ஒரு தாதி சிரித்துக்கொண்டு போனார். உலகம் தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார். மெதுவாகவும், அன்பாகவும்தான் சொன்னார். ரிஸ்னாவுக்குச் சிங்களம் அவ்வளவாக ஓடாது. ஃபாஸிலுக்கு நன்றாகத் தெரியும். சிலாபம், நீர்கொழும்பு வரை வியாபாரம் செய்கிறவன்.

“என்ன சொல்றாங்க?” என்று ரிஸ்னா அவனைக் கேட்டாள்.

அவன் பிள்ளையைத் தூக்கிக் கதிரையில் இருத்தினான்.

“என்னங்க, என்ன சொல்றாங்க?”

அவன் பிள்ளையின் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தான். அது சரியாகத்தான் இருந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன். கண்ணுக்குள் ஒரு கட்டி இருக்கிறது. நாளைக்கே கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

“கண்ணுக்கு ஒண்டும் ஆகாதுதானே?”

அதை டொக்டரிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் ரிஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கொழும்பில்

மயக்கம் கொடுத்துத்தான் முழுதாகப் பார்க்க முடிந்தது. கட்டி இடது கண்ணை நிறைத்துவிட்டது. கண்ணை எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் மூளைக்குப் போகும். வலது கண் இப்போதைக்குச் சுத்தம். இவ்வளவையும் அங்கிருந்த பெரிய டொக்டர் ஒரு வெள்ளைத் தாளில் கண்ணின் படம் கீறி எங்களுக்கு விளக்கினார். கோடுகள் நேர்த்தியாக இருந்தன. தொழில் புத்தி, அதையும் கவனித்தேன்.

பிள்ளையின் பழைய படங்கள் ஏதும் இருந்தால், எப்போதிலிருந்து இது தெரிகிறது என்று பார்க்க உதவும் என்றார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் நானும் ரிஸ்னாவும் இருந்து தேடினோம். ஹஜ் பெருநாள் படம் ஒன்றில் ஸஃபா ஃபாஸிலின் தோளில் இருந்தாள். பக்கவாட்டில் பார்த்த அவள் கண்ணில் அரிசிக் குறுணி போல ஒரு வெளிறல். அதற்கு முந்திய படங்களில் இல்லை.

ரிஸ்னா அதை நெடுநேரம் பார்த்தாள். “இத டொக்டருக்குக் காட்டுங்க நானா. இவருக்குக் காட்டாதீங்க. தான் தோள்ல வெச்சிருந்தும் தெரியலயே எண்டு செத்துருவாரு.”

ஒப்பரேஷன் நாள் காலை, ஸஃபாவுக்குப் பச்சை அங்கி உடுத்தியிருந்தார்கள். அது அவளுக்குப் பெரிது. கையை உள்ளே இழுத்துக்கொண்டு, “கை இல்ல, கை இல்ல” என்று விளையாடினாள். ரிஸ்னா அவளுக்குப் பக்கத்தில் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். ஃபாஸில் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“மச்சான், கெமரா கொண்டு வந்தீங்களா?”

“நீங்க கொண்டு வர வேணாமெண்டு சொன்னீங்களே.”

“சொன்னேன். கொண்டு வந்தீங்களா இல்லயா?”

பைக்குள் இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது.

“புள்ளய ஒருக்கா எடுங்க. ரெண்டு கண்ணோட.” அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். “அந்த வெளிச்சம் போடாம எடுங்க.”

வார்டின் கோடியில் ஒரு ஜன்னல் இருந்தது. ஸஃபாவைத் தூக்கிப்போய் அதன் திண்டில் இருத்தினேன். தாதி தடுக்கவில்லை, மற்றப் பக்கம் பார்த்து நின்றார். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. நான் முழங்காலில் இருந்தேன். முதல் படம் கலங்கிப் போனது. இரண்டாவதும் கலங்கியது. முழங்கையை விலாவோடு இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சிரி என்று சொல்லவில்லை. அவளாகவே கேட்டாள். “மாமா, கை எங்க?”

“எங்க?”

“இந்தா.” அங்கிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினாள். அப்போது எடுத்தேன்.

பிறகு தள்ளுவண்டி வந்தது. தியேட்டர்க் கதவு மூடியதும் ரிஸ்னா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கதவு அசையும்போதெல்லாம் மூவரும் எழும்பினோம். யார் யாரோ வெளியே வந்தார்கள். எங்களுக்குரியவர் வர மத்தியானம் தாண்டியது.

காத்திருந்தது

எடுத்த கண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கட்டி கண்ணோடு நின்றதா, நரம்பு வழியே உள்ளே போய்விட்டதா என்று அதில்தான் தெரியும். அந்த முடிவு வரும்வரை ரிஸ்னா தலைவாரவில்லை. ஃபாஸில் கடையைத் திறக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு காணியின் எல்லைக்கோட்டைத் தவறாகக் கீறி, அழித்து, திரும்பவும் தவறாகக் கீறினேன்.

முடிவு நல்லதாக வந்தது. கண்ணைத் தாண்டிப் போகவில்லை.

ஃபாஸில் எனக்கு ஃபோனில் சொன்ன சொல் ஒன்றே ஒன்று. “அல்ஹம்துலில்லாஹ்.” பிறகு அவன் அழுகிற சத்தம் கேட்டது. நான் ஃபோனைத் துண்டிக்காமல் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன்.

இப்போது ஸஃபாவுக்குச் செயற்கையாக வைத்த கண் இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஆனால் சில மாதத்துக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய் வலது கண்ணைக் காட்ட வேண்டும். போகிற வாரம் முழுவதும் ரிஸ்னா வீட்டில் சமையல் உப்புக் கூடியோ குறைந்தோதான் இருக்கும். டொக்டர் தலையை நிமிர்த்தி “ஹொந்தய்”, நல்லாயிருக்கு, என்று சொல்லும்வரை அவள் மூச்சுவிடுவதில்லை. அந்தச் சிங்களச் சொல் இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜன்னலோரப் படம் கற்பிட்டி வீட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. ஃபாஸில்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டான். நான் போனால் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

வாசலுக்கு வந்தவர்கள்

கதை ஊரில் பரவிவிட்டது. எங்கள் வீதியில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். “நானா, எங்கட புள்ளயையும் ஒருக்கா எடுத்துப் பாருங்க.”

நான் டொக்டர் இல்லை, இது பரிசோதனை இல்லை, கிளினிக்கில் காட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வாசலில் நின்றார்கள். பிள்ளையோடு நிற்கிற தாயைத் திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமத்திவிட்டுத் திரையைப் பார்ப்பதற்கு இடையில் வருகிற அந்தக் கணம் எனக்குப் பழகவேயில்லை. எல்லாருக்கும் சிவப்பு. எல்லாருக்கும் சிவப்பு.

பின்வீதியில் இருக்கிற ஹஸீனா ஒருநாள் பின்னேரம் வந்தாள். இளம் தாய், முதல் பிரசவம். இடுப்பில் தவழுகிற வயதில் ஒரு மகன். எடுத்தேன். திரையில் ஒரு கண் சிவப்பு. மற்றது வெளிறியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

“வடிவா வந்திருக்கா நானா?”

“கண்ணச் சிமிட்டிட்டான். இன்னொண்டு எடுப்பம்.”

இரண்டாவதில் இரண்டும் சிவப்பு. மூன்றாவதிலும் சிவப்பு. பிள்ளை மூக்குப் பக்கமாக ஒரு சரிவில் பார்த்தால், ஒன்றும் இல்லாத கண்ணும் சில நேரம் வெளிறித் தெரியலாம் என்று கொழும்பு டொக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அதுவாகத்தான் இருக்கும் என்று என் புத்தி சொன்னது. அதை வைத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

“ஹஸீனா, பயப்படாதீங்க. ஒண்டும் இல்லாமத்தான் இரிக்கும். ஆனா புள்ளய ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் காட்டுங்க.”

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு போய்விட்டாள். இருட்டுவதற்குள் அவள் புருஷன் வந்தான். “எங்கட புள்ளக்கி என்னத்தக் கண்டீங்க?” என்று கேட்டான். கோபமாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரல் உடைந்தது. மூன்று படத்தையும் காட்டி, டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அவன் முதல் படத்தை மட்டுமே பார்த்தான்.

கிளினிக் அடுத்த வாரம்தான். அந்த வாரம் என் மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை. “பச்ச உடம்புக்காரி. இப்படி வயித்துல நெருப்பக் கட்டி விட்டுட்டீங்களே” என்றாள். ரிஸ்னாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

அவள் யோசிக்கவே இல்லை. “பயந்தா பயப்படட்டும் நானா. பயந்து போய்க் காட்டட்டும்.”

கிளினிக் நாள் மத்தியானம் அலுவலகத்தில் இருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து ஃபோன் வந்தது. எடுக்கப் பயந்து, அது அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தேன்.

“நானா, ஹஸீனா பேசுறேன். ஒண்டுமில்லயாம். மருந்து விட்டு ரெண்டு கண்ணயும் வடிவாப் பார்த்தாங்க. ரெண்டும் சுத்தமாம்.”

நான் வாயைத் திறக்குமுன் அவளுடைய குரல் மாறியது. “ஒரு கிழமையா நான் கண்ண மூடல்ல. புள்ளக்கிப் பால் கூட வத்திப் பெய்த்து. எங்கட உம்மாக்குப் பிரஷர் ஏறி மருந்தெடுத்த. படமெடுக்கிற ஆள் படத்த எடுத்துட்டுச் சும்மா இரிக்க ஏலாதா நானா? டொக்டரா நீங்க? ஆர்ட புள்ளக்கி ஆர் சொல்ற?” பின்னால் பஸ் தரிப்பிடத்துச் சத்தம் கேட்டது. அவள் இடுப்பில் அந்தப் பையன் எதையோ பிடித்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

நான் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவள் மூச்சுவிடாமல் ஏசிக்கொண்டிருந்தாள். ஏசி முடியும்வரை, “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.